கதிரவன் தரும் மின்சாரம்: குறிக்கோள் கைகூடுமா?

பொங்கல் நாளில் புதுப்பானை வைத்துக் கதிரவனுக்குப் படைக்கும் மரபில் வந்தவர் நாம். நெல்லை விளைவித்த அதே கதிரவன் இன்று மின்சாரத்தையும் விளைவிக்கிறான். அவன் கொடைக்குக் குறைவில்லை. அதை ஏற்று வைத்துக்கொள்ளும் ஆற்றல் நம் நாட்டுக்கு உண்டா என்பதே கேள்வி.

இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து பிறந்ததன்று. பிழைப்புத் தேடி மேட்டூர்ப் பக்கத்திலிருந்து ஹனூரில் வந்து குடியேறியது எங்கள் குடும்பம். மக்காச்சோளத்துக்கு நீர் பாய்ச்ச வேண்டிய மும்முனை மின்சாரம் பல நாள் நள்ளிரவில்தான் வரும். காட்டு யானை இறங்கும் வழியில், கையில் விளக்கோடு தந்தையார் கிணற்றுக்குச் செல்வார். அவர் திரும்பும்வரை தாயார் உறங்கமாட்டார். வெயில் கொளுத்தும் நாட்டில் உழவன் நள்ளிரவில் ஏன் நீர் பாய்ச்சவேண்டும்?

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2022க்குள் 2 கோடி கிலோவாட் சூரிய மின்திறன் என்று 2010இல் இந்தியா குறிக்கோள் வகுத்தது. 2015இல் அதனை 10 கோடியாக உயர்த்தியது. அதில் 4 கோடி வீடு, கடை, ஆலைகளின் கூரைகளில் அமையவேண்டும். 2022 முடிந்தபோது கிடைத்ததோ மொத்தம் 6.3 கோடியளவே. கூரைப் பங்கு அரசுக் கணக்கில் ஒரு கோடியைக்கூட எட்டவில்லை. 10 கோடியை 2025 சனவரியில்தான் தாண்டினோம். இனி 2030க்குள் ஏறத்தாழ 30 கோடி வேண்டும். அதற்கு ஆண்டுக்கு 4 கோடி சேரவேண்டும். 2024இல் சேர்ந்தது இரண்டரைக் கோடியளவு.

கடினந்தான், ஆயினும் இயலாததன்று. கருநாடகத்துப் பாவகடாவில் 13,000 ஏக்கரில் 20 லட்சம் கிலோவாட் நிலையம் எழுந்துள்ளது. நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கே எடுத்தனர். நிலமுடையோர்க்கு ஆண்டுதோறும் வருவாய் உண்டு. நிலமற்ற கூலியாளர்க்கோ வயல்வேலை போயிற்று. இதையும் நாம் மறத்தலாகாது.

ஆனால், தகடு பதித்தால் மட்டும் போதுமா? கிலோவாட் என்பது பானையின் அளவு. யூனிட் என்பதே அதில் வெந்த சோறு. ஒரு கிலோவாட் தகடு நல்ல வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். இரவு பகலாக ஓடும் ஒரு கிலோவாட் எந்திரமோ 24 யூனிட் தரும். மேலும், தகடு மிகுதியாகத் தருவது நண்பகலில். வீடுகள் விளக்கேற்றுவது மாலையில்.

ஆகவே தேவைப்படுவன இரண்டு. ஒன்று, மின்கம்பி. 1902இல் எங்கள் பக்கத்துச் சிவசமுத்திரத்து அருவியில் பிறந்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழிச் சென்று, தமிழர் பலர் உழைத்த கோலார்த் தங்கச் சுரங்கத்தை இயக்கியது. கம்பி இல்லையேல் அருவி வீணே! இராசசுத்தானத்தில் 2025இல் அதுவே நேர்ந்தது: போதிய கம்பித்தடம் இல்லாமையால் நண்பகல் மின்சாரத்தில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தனர். நிலையம் விரைவில் எழும். நெடுந்தொலைவுக் கம்பித்தடம் அமையக் காலம் மிகும்.

மற்றொன்று, சேமிப்பு. மின்கலங்களில் சேமிக்கலாம். அல்லது மிகுந்த மின்சாரத்தால் நீரை மேலணைக்கு ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் பெறலாம். தமிழகத்துக் கடம்பாறையில் 4 லட்சம் கிலோவாட் திறனுள்ள இத்தகைய நிலையம் கட்டப்பட்டுள்ளது.

இவ்விரண்டும் பெருஞ்செலவு கோருவன. செலவு குறைந்த வழியும் உண்டு: வெயில் உள்ளபோதே மின்சாரத்தைப் பயன்படுத்துதல். நண்பகலில் இறைத்த நீரைக் காத்துவைக்க மின்கலம் வேண்டுமா? வயலே காத்துவைக்கும். வேளாண் மின்பொறிகளைச் சூரிய மின்சாரத்தால் இயக்கும் திட்டம் 2019இல் தொடங்கியது. அது ஊர்தோறும் பரவவேண்டும்.

குறிக்கோள் கைகூடுமா? தகடுகளின் எண்ணிக்கை கைகூடும் என்றே நம்புகிறேன். ஆனால் கோடிகளை மட்டும் எண்ணுவது வெற்றியாகாது. உழவன் பகலில் நீர் பாய்ச்சி இரவில் உறங்கும் நாளே வெற்றி நாள். அறிவியல் பயிலும் நண்பர்களே, கம்பியும் சேமிப்பும் நம் ஆராய்ச்சிக்குக் காத்திருக்கின்றன. என் தாயாரும் காத்திருக்கிறார்.