மண்ணுக்குள் ஓடும் ஒளி

திண்டுக்கல் மாவட்டத்தில் 306 ஊராட்சிகள். இவற்றையும் சேர்த்து, தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழை கேபிள் வழியே, விநாடிக்கு 1 ஜிகாபிட் வேகத்தில் இணையம் தருவது பாரத்நெட் திட்டத்தின் இலக்கு. இங்கே அதை நிறைவேற்றுவது மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனம்.

ஊர் ஊராகப் போகும் அந்தக் கறுப்புக் கேபிளுக்குள் செய்தியைச் சுமப்பது மின்சாரம் அல்ல, ஒளி. இழையின் நடுவே 9 மைக்ரான் தடிமனில் கண்ணாடிக் கரு. அதைச் சுற்றி இன்னொரு கண்ணாடி உறை. இரண்டும் சேர்ந்தே 125 மைக்ரான்தான். உறையைவிடக் கருவின் ஒளிவிலகல் எண் சற்றே அதிகம். அதனால், சாய்வாக வந்து எல்லையைத் தொடும் ஒளி வெளியே தப்ப முடியாமல் முழுவதுமாக உள்ளே திரும்பிவிடுகிறது. பள்ளியில் படித்த முழு அக எதிரொளிப்பு இதுதான். லேசர் விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை மின்னி மறைய, அந்தத் துடிப்புகள் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கின்றன.

பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹரால்டு ஹாப்கின்ஸுடன் சேர்ந்து, கண்ணாடியிழைக் கற்றை வழியே படத்தை அனுப்பிய ஆய்வை 1954இல் வெளியிட்டார். ஆனால் அன்றைய இழையில் சில மீட்டரிலேயே ஒளி மங்கிவிடும். கண்ணாடியில் கலந்திருக்கும் மாசுகளே இதற்குக் காரணம் என்று 1966இல் எடுத்துக்காட்டியவர் சார்லஸ் காவ். அதற்காக 2009இல் நோபல் பரிசு பெற்றார். இன்றைய இழையின் இழப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபெல்தான். திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் வரையிலான சுமார் 30 கிலோமீட்டரைக் கடந்த பிறகும் கால் பங்கு ஒளி மிஞ்சும்! கண்ணாடியை இந்த அளவுக்குத் தூய்மையாக்கியதுதான் உண்மையான சாதனை.

இத்தனை நுட்பமான இழைக்கு எமன், ஜேசிபி. குடிநீர்க் குழாய்க்கோ சாலை விரிவாக்கத்துக்கோ தோண்டும்போது கேபிள் அறுந்தால், வீட்டு மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். ஓடிடிஆர் கருவி ஒளித்துடிப்பை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு அறுந்த இடத்தைக் காட்டும். பிறகு ஊழியர்கள் நீலத்துக்கு நீலம், ஆரஞ்சுக்கு ஆரஞ்சு என இழைகளின் நிறம் பார்த்து, தூசு துடைத்து, மின்பொறியில் முனைகளை உருக்கி ஒட்டுவார்கள். வெயிலில், சாலையோரத்தில், பொறுமையைச் சோதிக்கும் வேலை அது.

தோண்டுபவர்கள் முன்கூட்டியே தகவல் தருவதற்கென்றே ‘கால் பிஃபோர் யு டிக்’ என்ற செயலியை மத்திய அரசு 2023 மார்ச்சில் தொடங்கியது. ஒப்பந்ததாரர்களே, மண்ணில் பல் பதிக்கும் முன் இடத்தை அதில் பதிவு செய்யுங்கள். வீட்டிலும் ஃபைபர் ஒயரை ஆணியில் மடக்கிக் கட்டாதீர்கள். அதன் முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்கவே கூடாது. உள்ளே வரும் லேசர் கண்ணுக்குத் தெரியாது.