குழாய்க்கு முன்னால் வரும் காகிதங்கள்

தென்னிந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கடலடியால் பெற்றோலியக் குழாய் போடும் பேச்சு, ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க 2023 ஜூலையில் புதுடில்லி சென்றபோது எழுத்தில் வந்தது. இந்திய முனையாகச் சொல்லப்படுவது நாகப்பட்டினம். 2024 டிசம்பரில் ஐக்கிய அரபு இராச்சியமும் இதற்குள் சேர்க்கப்பட்டது. 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் மூன்று நாடுகளும் கொழும்பில் கைச்சாத்திட்டன.

புரிந்துணர்வு உடன்படிக்கைக்காக யாரும் காசு கட்டுவதில்லை. அதன் பின்னால் வரும் வணிக ஒப்பந்தங்களுக்குத்தான் கட்ட வேண்டிவரும். குழாயில் பணம் போடுபவர், எண்ணெய் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு கட்டணம் தரவேண்டும் என்று கேட்பது இந்தத் தொழிலில் வழமை. அப்படி ஒரு வாசகம் உள்ளே வந்தால், கேள்வி குறைந்த வருடத்தின் நட்டம் முதலீட்டாளருடையது அல்ல. அது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் தலையில் விழும். அங்கிருந்து திறைசேரிக்குப் போகும். கடைசியில் பெற்றோல் செட் விலையில் வந்து நிற்கும்.

ஒப்பந்தம் இழுபடுவது எப்படி என்பதற்குத் திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளின் கதை நமக்குப் புதிதல்ல. பிரித்தானியர் விட்டுப்போன 99 தாங்கிகள் அவை. 2003இல் லங்கா ஐ.ஓ.சி.யுடன் செய்த உடன்படிக்கைப்படி ஆறு மாதத்துக்குள் குத்தகை எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஏறக்குறைய இருபது வருடம் அப்படியே இழுபட்டு, 2022 ஜனவரி 6ஆம் திகதிதான் 50 வருடக் குத்தகை வந்தது: 14 தாங்கிகள் லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இருவரின் கூட்டுக் கம்பனியான ட்ரிங்கோ பெற்றோலியம் டெர்மினலுக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 வீதம்.

இந்த 51ஐக் குறித்து வையுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, அரசோ அரச கூட்டுத்தாபனமோ 25 வீதம் அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருக்கும் கம்பனியும் பகிரங்க அதிகாரசபைதான். ஆகவே, “இது தனியார் கம்பனி” என்று சொல்லி தகவல் கேட்டு நாம் எழுதும் கடிதத்தை அந்தக் கூட்டுக் கம்பனி திருப்பி அனுப்ப முடியாது. நாளைக்குப் புது முதலீட்டாளர் வந்து அரச பங்கு 25க்குக் கீழே போனால் இந்த வழி குறுகிவிடும். பங்கு விகிதம் பேசப்படும் மேசையில் நம் உரிமையும் பேசப்படுகிறது. அதை அங்கே யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். வணிக இரகசியம் என்று மறுக்கக்கூடும். ஆனால் பொது நலன் பெரிதானால் அந்தக் காரணம் நிற்காது. மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் மறைத்து மற்றதைக் கேட்கலாம். கேட்காமலே கிடைக்க வேண்டியதும் உண்டு. ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டமென்றால், வேலை தொடங்க மூன்று மாதம் முன்பே பாதிக்கப்படக்கூடியவர்களுக்கு அமைச்சர் தகவல் தரவேண்டும் என்கிறது சட்டத்தின் 9ஆம் பிரிவு.

கடலைப் பொறுத்தவரை பயம் எண்ணெய்க் கசிவு மட்டுமல்ல. கடலடிக் குழாய் போகும் பாதையில் நங்கூரம் போடவோ இழுவைவலை இழுக்கவோ பொதுவாக விடமாட்டார்கள். கிண்ணியா, மூதூர்க் கடற்றொழிலாளர் சங்கங்கள் முதலில் கேட்க வேண்டியது பாதையின் வரைபடத்தை. ஒரு கிலோமீற்றருக்கு மேற்பட்ட எண்ணெய்க் குழாய்க்குச் சுற்றாடல் அனுமதி வேண்டும் என்று 1993 வர்த்தமானி சொல்கிறது. முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் 30 நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். ஆரம்பச் சுற்றாடல் பரிசோதனை போதும் என்று அதிகாரிகள் தீர்மானித்தால் அந்தக் கட்டாய 30 நாள் கிடையாது. எது தேவை என்று முடிவெடுக்கும் நேரத்திலேயே மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுதிவிடுவது நல்லது.

சேதம் வந்தபின் கிடைப்பது எவ்வளவு என்பதற்குச் சுன்னாகம் சாட்சி. அங்கே கிணறுகளில் எண்ணெய் கலந்ததற்காக, 2015இல் போட்ட வழக்கில் 2019 ஏப்ரலில்தான் நோர்தேர்ன் பவர் கம்பனி இரண்டு கோடி ரூபா கட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் தொகை பங்கிடப்பட வேண்டும். எப்பாவல மக்கள் வேறு வழியில் போனார்கள். பொஸ்பேற்றை அமெரிக்கக் கம்பனிக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன்பே நீதிமன்றம் போனார்கள். உரிய ஆய்வும் சுற்றாடல் அனுமதியும் இல்லாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று 2000இல் தீர்ப்பு வந்தது.

இரண்டுமே அடிப்படை உரிமை மனுக்கள். உரிமை மீறப்பட்ட, அல்லது மீறப்படப்போகும் நிலை வந்த ஒரு மாதத்துக்குள் மனுவைக் கொழும்பில் போடவேண்டும். கொழும்புக்குப் போகக் காசும் நேரமும் இல்லாதவர் அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் திருகோணமலை அலுவலகத்தில் முறைப்பாடு பதியலாம். ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாட்டுத் துண்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதை எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும்.