கம்ப்யூட்டருக்குள் வேண்டாத வேலைக்காரர்கள்!

ஜவ்வாது மலையின் பெயரை உலகறியச் செய்தது காவலூர் வானாராய்ச்சி நிலையம். 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியைக் கொண்ட பெரிய டெலஸ்கோப் 1986-ம் ஆண்டு அங்கே திறந்து வைக்கப்பட்டது. அந்த நிலையத்துக்கு இருட்டுதான் மூலதனம். வேண்டாத வெளிச்சம் கூடினால், மங்கலான நட்சத்திரங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும்.

வேண்டாததைக் குறைத்தால் வேண்டியது கிடைக்கும் என்ற இந்த நியாயம், அதே மலையில் மாணவர்கள் வைத்திருக்கும் லேப்டாப்புக்கும் பொருந்தும்!

பழுது அல்ல

2011-ம் ஆண்டு தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளியில் படித்த மலைப்பிள்ளைகள் பலருக்கு, வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். நாளாக ஆக அது ஆமையாக நகரும். உடனே பழுது என்று முடிவு கட்டி, போளூருக்கு பஸ் ஏறிப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை.

காரணம் என்ன?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியாமல் பல வேலைகள் நடக்கின்றன. இவற்றுக்கு 'சர்வீஸ்' என்று பெயர். சிறிய நினைவகத்தில் இவை இடம் பிடித்துக்கொண்டால், மீதி வேலை ஹார்டு டிஸ்க்குக்குப் போய்த் திரும்ப வேண்டும். அதனால்தான் தாமதம்.

செய்வது எப்படி?

விண்டோஸ் பொத்தானோடு 'ஆர்' எழுத்தை அழுத்தி, 'சர்வீசஸ்.எம்எஸ்சி' என்று ஆங்கிலத்தில் அடித்தால் பட்டியல் வரும். ஃபேக்ஸ் அனுப்பாதவருக்கு 'ஃபேக்ஸ்' எதற்கு? பிரிண்டர் இல்லாதவருக்கு 'பிரிண்ட் ஸ்பூலர்' எதற்கு? 2021-ம் ஆண்டு இந்த ஸ்பூலரில் பெரிய பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. அச்சிடாத கம்ப்யூட்டர்களில் அதை நிறுத்திவிடும்படி அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பே கூறியது. ஆகவே, வேண்டாததை நிறுத்தினால் பாதுகாப்பும் கூடுகிறது.

தானாகத் தொடங்கும் புரோகிராம்களையும் நிறுத்த வேண்டும். பல கம்ப்யூட்டர்களில் இதனால்தான் அதிக வேகம் கிடைக்கும்.

எச்சரிக்கை!

காவல்காரனை வெளியே அனுப்பிவிடக் கூடாது! வைரஸ் தடுப்பு, விண்டோஸ் அப்டேட், 'ரிமோட் புரொசீஜர் கால்' ஆகியவற்றில் கை வைக்க வேண்டாம். பெயர் புரியாததையும் தொட வேண்டாம். ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, பழைய நிலையை நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கோளாறு வந்தால் திரும்ப மாற்றிவிடலாம்.

பழைய லேப்டாப் இதனால் புதியதாகிவிடாது. ஆனால், வீட்டில் அடுத்த பிள்ளை படிப்பதற்கு இன்னும் சில காலம் உழைக்கும். செலவு, காலணாகூட இல்லை!