கோகோ கொட்டையும் கம்பெனிக் கணக்கும்

தென்னந்தோப்பிலே ஊடுபயிராகக் கோகோ போட்டவங்க நம்மிலே பலர் இருக்காங்க. கொட்டையைப் புளிக்க வைத்து, காயப் போட்டு விற்கிறோம். அதை வாங்கும் சாக்லேட் கம்பெனி எப்படி வளருதுன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா? கேட்பரி கம்பெனியையே எடுத்துக்குவோம்.

1824-ல் இங்கிலாந்திலே பர்மிங்காம் நகரில் ஜான் கேட்பரி என்பவர் தேயிலை, காப்பி, குடிக்கிற சாக்லேட் விற்கும் கடை வைத்தார். 1879-ல் அவருடைய பிள்ளைகள் போர்ன்வில் என்ற இடத்தில் பெரிய ஆலை கட்டினார்கள். அதற்குப் பிறகு கம்பெனி இரண்டு வழியில் வளர்ந்தது.

முதல் வழி, நடந்துகொண்டிருக்கும் கம்பெனியைச் சேர்த்துக் கொள்வது. 1919-ல் ஃப்ரை என்ற பழைய சாக்லேட் கம்பெனி கேட்பரியோடு இணைந்தது. இது காய்ப்புக்கு வந்த தோப்பை வாங்குற மாதிரி. முதல் அதிகம்; ஆனால் ஆலை, ஆள், பெயர், வாடிக்கை எல்லாம் அன்றைக்கே கைக்கு வந்துவிடும்.

இரண்டாவது வழி, வேற்று நாட்டிலே புது ஆலை கட்டுவது. இது கன்று நட்டு வளர்க்கிற மாதிரி; பலன் வரக் காலம் பிடிக்கும். ஆனால் இறக்குமதி வரி இல்லை, கப்பல் கூலி இல்லை, பாலும் சர்க்கரையும் அங்கேயே கிடைக்கும். 1948-ல் இந்தியாவுக்கு வந்த கேட்பரி, முதலில் சரக்கை இறக்கி விற்றது. பிறகு இங்கேயே தயாரித்தது. கேரளத்திலே கோகோ பயிரிடவும் ஊக்கம் கொடுத்தது.

இப்படி வளர்ந்த கேட்பரியையே 2010-ல் அமெரிக்காவின் கிராஃப்ட் கம்பெனி வாங்கிவிட்டது. 2012 முதல் அது மாண்டலீஸ் கம்பெனியின் கையில் இருக்கிறது. ஃப்ரை கம்பெனியின் சாமர்டேல் ஆலையை மூடுவதாகக் கேட்பரி முன்பே முடிவு செய்திருந்தது. மூடாமல் நடத்துவோம் என்று வாங்கும்போது கிராஃப்ட் சொன்னது. வாங்கி முடிந்த சில நாளிலேயே பேச்சை மாற்றியது. 2011-ல் ஆலையை மூடி, வேலையைப் போலந்து நாட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க.

இதிலே நமக்கு என்னங்க? கம்பெனிகள் ஒன்றையொன்று வாங்க வாங்க, நம்ம சரக்குக்கு விலை கேட்கிற ஆள் குறையுது. விலை சரிந்து, கோகோ வாங்க ஆளில்லாமல் தவித்த காலத்தில், கேரள, கர்நாடக விவசாயிகளுக்குக் கைகொடுத்தது காம்ப்கோ என்ற பாக்கு விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம். அது கொட்டையை வாங்கியதோடு நிற்காமல், 1986-ல் புத்தூரில் சொந்த சாக்லேட் ஆலையே கட்டியது.

ஆகவே ஒரே கையை நம்பாதீங்க. நன்றாகப் புளிக்க வைத்து, ஈரம் 7, 8 சதவீதத்துக்கு மேல் போகாமல் காய வையுங்க. நாலு இடத்தில் விலை விசாரியுங்க. சங்கமாகச் சேர்ந்து மொத்தமாக விற்றால் நம்ம பேச்சுக்கும் மதிப்பு இருக்கும்.