மூன்று பிரதி இருந்தாலும் காப்பு வேறு

பற்று வரவு, சரக்கு இருப்பு, ஜி.எஸ்.டி. கணக்கு எல்லாம் இன்று நம்மில் பலருக்கு ஒரே கம்ப்யூட்டரில்தான். அதன் டிஸ்க் போனால் பாக்கியைக் கேட்க ஆதாரம் ஏது?

இதற்குப் பரிகாரமாக 'மெய்நிகர் கம்ப்யூட்டர்' என்கிறார்கள். சர்வருக்குள் மென்பொருளால் அமைக்கும் கம்ப்யூட்டர் அது. அதன் டிஸ்க்கும் அதே சர்வரில் இருந்தால் பழைய ஆபத்துதான். 'செஃப்' என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கில் உள்ளதைத் துண்டு துண்டாக்கி, நெட்வொர்க்கில் இணைந்த பல சர்வர்களில் பரப்பி, ஒவ்வொரு துண்டுக்கும் வழக்கமாக 3 பிரதி வைக்கிறது. ஒரே சரக்கை மூன்று கிடங்கில் வைப்பது போலத்தான். ஒரு சர்வர் படுத்தாலும் இன்னொன்றில் அதே கம்ப்யூட்டரைக் கிளப்பி பில் போடலாம்.

செலவு உண்டு. 1 டெராபைட் கணக்குக்கு 3 டெராபைட் டிஸ்க், குறைந்தது 3 சர்வர், 10 கிகாபிட் நெட்வொர்க். தனிக்கடைக்கு இது வேண்டாத வேலை. பல கிளை உள்ள மொத்த வியாபாரிகளுக்கும், நாலு பேர் கூட்டாக வைப்போருக்கும் பொருந்தும்.

ஒன்றை மட்டும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சிப்பந்தி தவறுதலாக ஒரு பேரேட்டை அழித்தால் மூன்று பிரதியிலும் அந்தக் கணமே அழிந்துவிடும். ஆகவே தினசரி காப்புப் பிரதி ஒன்றை வேறு கட்டடத்தில் வைக்கச் சொல்லி, அதிலிருந்து கணக்கைத் திருப்பி எடுத்துக் காட்டிய பிறகே பாக்கித் தொகையைக் கொடுப்போம்.