பாலை நிலத்துப் பனிக்காலமும் பல நிற நூலும்

மார்கழி பிறந்துவிட்டால் வேலணைத் தீவின் முகமே மாறிவிடுகின்றது. ஐப்பசி கார்த்திகையிற் பெய்த மழை குளங்களிலும் தரவைகளிலும் தேங்கி நிற்கும். நெல் கதிர்விடும் பருவம் அது. புகையிலைக் கன்று நடுவதும் வெங்காயப் பாத்தி கட்டுவதும் அப்பொழுதுதான். ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லாத அத்தீவில், கோடை முற்றினால் கிணற்று நீரிற் பல உவர்த்துப்போகும். ஆகையால், வானம் கொடுத்த நீர் வற்றுமுன் நிலத்திற் செய்யவேண்டியவற்றையெல்லாம் செய்து முடிப்பதே தீவகத்தாரின் வாழ்க்கை முறையாக இருந்து வந்திருக்கின்றது.

இந்த ஓட்டத்தின் நடுவே இன்னொரு வேலையும் உண்டு. பனங்குருத்தைச் சார்வோலையாக உலர்த்தி, வார்ந்து, சிலவற்றைச் சாயத்தில் அவித்து, சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகப் பெட்டியும் பாயும் கடகமும் இழைக்கின்ற பன்னவேலை அது. தோட்டத்தால் வந்து, அடுப்பேற்றி, பிள்ளைகளைப் படுக்கவைத்த பின்னர் எஞ்சும் பொழுதிலேயே அது நடைபெறும். கண்ணைக் கவரும் அந்த நிறங்களைப் பார்ப்பவர்கள், அவை எந்தப் பொழுதிலிருந்து திருடப்பட்டவை என்பதைப் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. வெளி வேலை கேட்கும் பொழுது எவ்வளவு, கைப்பணி கேட்கும் பொழுது எவ்வளவு, இரண்டும் மோதினால் எது விட்டுக்கொடுப்பது என்பன வறண்ட நிலத்து மக்கள் எல்லோருக்கும் பொதுவான கேள்விகள். இக்கேள்விக்கு ஒரு சமூகம் ஊர் கூடி, தீர்மானம் செய்து, வெளிப்படையாகவே விடை சொன்ன வரலாறு ஒன்று உண்டு. அது நடந்த இடம் இந்தியாவின் மேற்குக் கோடியில் உள்ள கட்ச் பாலை நிலம்.

குஜராத் மாநிலத்தைச் சேர்ந்த கட்ச், பரப்பளவில் இந்தியாவின் மிகப் பெரிய மாவட்டம். ஏறக்குறைய 45,600 சதுர கிலோமீற்றர். அதன் வடபுறத்தில் ரான் எனப்படும் உப்புவெளி பரந்து கிடக்கின்றது. மழைக்காலத்தில் அது நீர் மூடிய சேற்று நிலம். நீர் வற்றியபின் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை உப்பு. கோடையில் மனிதர் நடமாட முடியாத வெம்மை. ஆனால் கார்த்திகை முதல் மாசி வரையில் பகல் வெயில் இதமாகவும் இரவு நடுங்கும் குளிராகவும் இருக்கும். அப்பிரதேசத்திலுள்ள நலியா என்னும் ஊர், குஜராத்திலேயே கடுங்குளிர் பதிவாகும் இடங்களுள் ஒன்று. பாலை என்றவுடன் வெப்பத்தை மாத்திரம் நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். மணல் பகலிற் பெற்ற சூட்டை இரவில் விரைவாக இழந்துவிடுகின்றது. அதைத் தடுத்து வைக்க ஈரமோ முகிலோ அங்கு இல்லை.

இந்நிலத்தில் ஆடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்ந்தவர்கள் ரபாரிகள். கட்ச்சில் அவர்கள் மூன்று கிளையினர்: கச்சி, டேபரியா, வாகடியா. மழை பெய்து புல் முளைத்திருக்கும் காலத்தில் ஊரில் தங்கி, புல் குறைந்ததும் ஒட்டகங்களில் பொதி ஏற்றிக்கொண்டு, பல குடும்பங்கள் ஒன்றாய்ச் சேர்ந்த கூட்டமாகப் புறப்பட்டுவிடுவார்கள். அத்தகைய கூட்டத்துக்கு டங் என்று பெயர். சிலர் சௌராட்டிரத்தோடு நிற்பர். வேறு சிலர் மத்தியப் பிரதேசம், மராட்டியம் வரையில் நடந்து செல்வதுமுண்டு. அறுவடை முடிந்த வயல்களில் ஆடுகளைக் கிடை வைத்து, எருவுக்கு ஈடாக விவசாயிகளிடமிருந்து தானியமோ பணமோ பெறுவது வழக்கம். இவ்வாறு, குளிர்கால நாட்கள் அனைத்தும் வெளியிலேயே கழியும்.

ஆண்கள் மந்தையோடு போக, தங்குமிடத்தை அமைப்பதும் கலைப்பதும், ஒட்டகத்தில் பொதி கட்டுவதும், தண்ணீர் கொணர்வதும், பால் நெய் விற்பதும் பெண்களின் பொறுப்பு. இத்தனைக்கும் இடையில் அவர்கள் கையில் ஊசியும் இருந்தது. ரபாரிப் பெண்ணின் தையலைத் தெரிந்தவர் எவரும் மறக்கமாட்டார். கறுப்பு நிறமோ கடுஞ்சிவப்போ உடைய துணியின் மீது, மஞ்சள், பச்சை, வெள்ளை, செம்மஞ்சள் நூல்களால் சங்கிலித் தையல் இட்டு, இடையிடையே சிறு கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருப்பார்கள். ஒட்டகம், கோவில், தண்ணீர்க்குடம் சுமக்கும் பெண், தேள் என்பன அதில் வரும் உருவங்கள். தேளை ஏன் தைக்கவேண்டும் என்று கேட்கலாம். மணலில் நடப்பவர்கள் நாள்தோறும் காண்பதைத்தான் தைக்கிறார்கள். அதோடு, தேளின் கடிக்கும் காதலின் கடுமைக்கும் அங்கே ஓர் ஒப்புமையும் சொல்லப்படுகின்றது.

இந்த ஆடைக்குப் பின்னால் ஓர் அழகிய பொருளாதாரமும் இருந்தது. ரபாரிகள் தம் ஆட்டு மயிரைக் கொடுப்பார்கள். பூஜோடி முதலிய ஊர்களில் வாழும் வணகர் என்னும் நெசவாளர் அதனைக் கம்பளிப் போர்வையாகவும் முக்காடாகவும் நெய்வார்கள். காத்ரி என்னும் சாயத்தொழிலாளர் அதன்மேல் முடிச்சுச் சாயம் போடுவார்கள். கடைசியில் ரபாரிப் பெண் தன் ஊசியால் அதை நிறைவு செய்வாள். பனி இரவில் உடலை மூடும் ஒரே போர்வையில் மேய்ப்பவனும் நெய்பவனும் சாயமிடுபவனும் தைப்பவளும் இருந்தார்கள்.

எல்லாத் துணிக்கலையும் குடிலுக்குள் நடப்பதன்று என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். கட்ச்சின் அஜ்ரக் என்னும் அச்சுத்துணி, வெயிலும் ஓடும் நீரும் இல்லாமல் உருவாகவே மாட்டாது. துணியை ஒட்டகச் சாணமும் எண்ணெயும் கலந்த கரைசலில் ஊறவைத்து, கடுக்காய்ச் சாற்றில் தோய்த்து, மரக்கட்டையால் அச்சிட்டு, அவுரியில் அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் கழுவி, திறந்த வெளியில் விரித்து உலர்த்துகிறார்கள். படிகளை எண்ணினால் பதினைந்தையும் எட்டும். கடுக்காயும் அவுரியும் தமிழ்ச் சாயக்காரருக்கும் பழகியவையே. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் ஒல்லாந்தர் காலத்தில் மணற்பாங்கான இடங்களிற் சாயவேர் அகழ்ந்து எடுக்கப்பட்டது. சோழமண்டலத் துணிகளுக்குப் புகழ் தேடித்தந்த சிவப்பு நிறம் அத்தகைய வேரிலிருந்து பிறந்ததே. வறண்ட மணலுக்கும் வண்ணத் துணிக்கும் உள்ள உறவு கட்ச்சோடு முடிந்துவிடவில்லை.

இனி, ரபாரிப் பெண்களின் ஊசிக்கு வருவோம். அந்த ஊசி ஓய்வு நேரப் பொழுதுபோக்காக மட்டும் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒரு பெண் மணமாகிக் கணவன் வீடு செல்லும்பொழுது, தானும் தாயும் தைத்த பாவாடை, ரவிக்கை, முக்காடு, பைகள், தொட்டிற் சீலை, ஒட்டக அலங்காரம் ஆகியவற்றைக் கொண்டு செல்லவேண்டும். யாழ்ப்பாணத்தவருக்குச் சீதனம் என்றால் காணியும் வீடும் நகையும் நினைவுக்கு வரும். டேபரியா ரபாரிகளிடையே சீதனத்தின் பெரும்பகுதி தையலாகவே இருந்தது. முதலில் அது பெண்ணின் கைத்திறனுக்குச் சான்று. காலப்போக்கில் அது மாப்பிள்ளை வீட்டார் எண்ணிக்கை குறித்துக் கேட்கும் கடனாக மாறிற்று. இத்தனை பை, இத்தனை ரவிக்கை என்று கோரிக்கை வளர வளர, ஒரு பெண்ணின் சீதனத் தையல் முடியப் பல ஆண்டுகள் ஆயின. சிறு வயதிலேயே மணம் பேசி முடிக்கப்பட்ட பெண்கள், தையல் முடியாத காரணத்தால் முப்பது வயதை நெருங்கியும், கடந்தும், தாய்வீட்டிலேயே தங்கிவிட நேர்ந்தது. அந்த ஆண்டுகளில் அவள் தைத்த ஒவ்வொரு பூவும் அவளுடைய இல்வாழ்க்கையை ஒரு நாள் பின்தள்ளிற்று என்று சொன்னால் மிகையாகாது.

அதே காலத்தில் மேய்ச்சல் நிலங்களும் சுருங்கின. கூட்டமாகப் புறப்படுவோர் தொகை குறைந்தது. கூலிவேலைக்குப் போகும் தேவை மிகுந்தது. பெண்ணின் பொழுதுக்கு இப்பொழுது ஒரு விலை வந்துவிட்டது. 1995ஆம் ஆண்டில் டேபரியா சமூகத்தின் பெரியவர்கள் கூடி, இனித் தம் சமூகத்தில் எவரும் சொந்த உபயோகத்துக்குக் கைத்தையல் செய்யவோ அணியவோ கூடாது என்று தடை விதித்தார்கள்.

வெளியுலகத்தில் இச்செய்தி கேட்டவர்களுட் பலர் திடுக்கிட்டனர். பல தலைமுறையாக வளர்ந்த ஒரு கலையை அதன் சொந்தக்காரர்களே கொன்றுவிட்டார்களே என்று வருந்தினர். அந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அழுவது எளிது. முப்பது வயதிலும் ஊசியைக் கீழே வைக்கமுடியாத பெண்ணின் இடத்திலிருந்து பார்ப்பது அத்தனை எளிதன்று. பெரியவர்கள் தடுக்கவேண்டியது தையலையா, கேட்பவர்களின் பேராசையையா என்று ஒருவர் வினவலாம். அவர்கள் இரண்டாவதைத் தடுக்க வழி தெரியாமல் முதலாவதைத் தடுத்தார்கள் என்றே தோன்றுகின்றது. தீர்மானம் செய்தவர்கள் ஆண்கள்; ஊசி பிடித்தவர்கள் பெண்கள் என்பதையும் மறந்துவிட முடியாது.

தடை வந்தது, ஆனால் நிறத்தின்மேல் உள்ள ஆசை போகவில்லை. கைத்தையலைத்தானே தடுத்தார்கள், தையல் இயந்திரத்தைத் தடுக்கவில்லையே என்று பெண்கள் கண்டுகொண்டார்கள். கடையில் விற்கும் நாடா, சரிகை, வளைந்த ஓரப்பட்டி ஆகியவற்றை வாங்கி, பழைய கோலங்களை நினைவூட்டும் வகையில் துணிமேல் வைத்து இயந்திரத்தால் தைத்தார்கள். மாதக்கணக்கிற் செல்லும் வேலை சில நாட்களில் முடிந்தது. இந்தப் புதிய முறைக்கு ஹரி ஜரி என்று பெயர் வந்தது. அஞ்சார் வட்டாரத்துப் பத்ரோய் கிராமத்தைச் சேர்ந்த பாபிபென் ரபாரி அம்முறையைப் பைகளில் அமைத்து, தம் பெயரிலேயே ஒரு தொழிலை நிறுவி, ஊர்ப் பெண்கள் பலருக்கு வேலை தந்தார். பழைய தையலின் நுணுக்கம் இதில் இல்லை என்பது உண்மை. ஆனால் பெண்ணின் நாட்கள் அவளிடம் மிஞ்சின.

கைத்தையல் இன்னொரு வழியிலும் பிழைத்தது. 1969இல் கட்ச்சில் பெரும் வறட்சி நிலவியது. தனேட்டி என்னும் ஊரில் நிவாரண உணவு வழங்கும் பணிக்கு உதவச் சென்ற சந்தா ஷ்ராஃப், இலவச உணவைக் கைநீட்டி வாங்க அங்குள்ள ஆகிர் பெண்கள் கூசுவதைக் கண்டார். அவர்கள் அணிந்திருந்த தையலைப் பார்த்து, புடவைகளையும் நூலையும் கொடுத்து, செய்த வேலைக்குக் கூலி தந்தார். அதுவே பின்னர் ஸ்ருஜன் என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 2006இல் அவருக்கு ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. அமெரிக்கரான ஜூடி ஃப்ரேட்டர் உள்ளூர்க் கைவினைஞரோடு சேர்ந்து 1993இல் கலா ரக்ஷா அமைப்பைத் தொடங்கினார். 2005இல் கைவினைஞர் தாமே வடிவமைப்புக் கற்பதற்கு ஒரு பள்ளியும் எழுந்தது. சீதனத்துக்குத் தைத்தபோது கணக்கில் வராத பொழுது, கூலிக்குத் தைத்தபோது கணக்கில் வந்தது. ஒரு சதுரம் தைக்க எத்தனை மணி நேரம் செல்லும் என்று முதன்முறையாக எண்ணிப் பார்த்தார்கள். கூலி போதுமா என்பது வேறு விவாதம். கைப்பணிக்குக் கொடுக்கப்படும் விலை எங்குமே அதிற் செலவான கண்பார்வைக்கு ஈடாவதில்லை.

2001 ஜனவரி 26ஆந் திகதி பூமி அதிர்ந்து கட்ச்சைத் தரைமட்டமாக்கியது. அஜ்ரக் தொழிலுக்குப் பேர்பெற்ற தமட்கா கிராமம் பேரழிவுற்றது. நிலத்தடி நீரில் இரும்புச் சத்து மிகுந்து சாயத்தின் நிறத்தைக் கெடுத்தது. நல்ல நீர் கிடைக்கும் இடம் தேடிக் காத்ரிகளுட் பலர் பூஜ் நகருக்கு அண்மையில் அஜ்ரக்பூர் என்னும் புதிய ஊரை அமைத்துக்கொண்டார்கள். நீரின் சுவை மாறினால் ஊரையே மாற்றவேண்டிவரும் என்பதைத் தீவகத்தாருக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

இன்று கட்ச்சின் பனிக்காலத்துக்கு வேறொரு பொருளும் சேர்ந்திருக்கின்றது. மந்தைகளுக்கு ஏற்றதாய் இருந்த அதே இதமான மாதங்களில், நிலவொளியில் வெள்ளை ரானைக் காண்பதற்கு உல்லாசப் பயணிகள் திரளாக வருகிறார்கள். தோர்டோ என்னும் ஊருக்கு அருகே கூடார நகரமே எழுகின்றது. வாங்குவோர் வருவது அப்பொழுதுதான் என்பதால், தைப்பவர்களுக்கும் நெய்பவர்களுக்கும் அச்சிடுபவர்களுக்கும் ஓய்வில்லாத பருவமும் அதுவே. முன்னாளில் ஒட்டகத்தின் பின்னே நடந்து கழித்த பனிக்காலப் பகலைப் பல பெண்கள் இப்பொழுது விற்பனை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கழிக்கிறார்கள். வெயிலில் உட்கார்ந்து தைக்க அந்த மாதங்களே ஏற்றவை. கோடையில் வியர்வை பட்டு நூலின் நிறம் மங்கும், ஊசியும் விரலில் வழுக்கும். மந்தையோடு இன்னமும் புறப்படும் சில குடும்பங்களில், தையற்பை பொதிக்குள் கடைசியாகத்தான் வைக்கப்படுகின்றது. தங்குமிடம் சேர்ந்ததும் தண்ணீர்க் குடமும் அடுப்பும் இறக்கப்பட்ட பின்னரே அது திறக்கப்படும்.