பேட்டரிக்கு ஆயுசு எத்தனை?



தேனாம்பேட்டை சிக்னலில் கொஞ்ச நேரம் நின்றால், பச்சை நம்பர் பலகை போட்ட வண்டிகள் சத்தமில்லாமல் போவதைப் பார்க்கலாம். 2025 ஜூன் 30-ஆம் தேதி சென்னையில் 120 மின்சார பஸ்களை ஓடவிட்டார்கள். அந்த வண்டிகளில் இருக்கிற லித்தியம் அயனி பேட்டரிதான், சிறிய உருவில், நீங்கள் முதுகில் மாட்டுகிற மருந்து தெளிப்பான் சிலவற்றிலும் வந்திருக்கிறது. "வாங்கினப்போ ஒரு சார்ஜுக்கு இருபது டேங்க் அடிச்சுது, இப்போ பதினேழுதான் வருது, இன்னும் எத்தனை நாளைக்குங்க?" நியாயமான கேள்வி. பூச்சி விழுந்த நேரத்தில் பாதி வயலில் நின்றுபோனால் என்ன செய்வது?

போர் தண்ணீர் காய்ச்சுகிற பாத்திரத்தில் உப்பு படியுது அல்லவா? அதுபோல, பேட்டரிக்குள் இருக்கிற கரித் தகட்டின்மேல் மெல்லிய ஏடு படிகிறது. ஓரளவு ஏடு வேண்டியதுதான், உள்ளிருக்கும் திரவத்தைக் கெடாமல் காக்கும். தடிக்கத் தடிக்க மின்சாரம் சுமக்க வேண்டிய லித்தியத்தைத் தின்றுவிடும். தின்றது திரும்பாது. பரணில் சும்மா கிடந்தாலும் இது நடக்கும்.

ஏடு தடித்த பிறகு புதிதாகப் படிவது மெதுவாகும். முதல் வருஷம் நூற்றுக்கு 4 குறைந்தது என்று வையுங்கள். 8 குறைய இரண்டு வருஷம் என்பீர்கள். இல்லை, நாலு வருஷம் ஆகும். ஆனால் இது சும்மா கிடக்கிற பேட்டரிக்குத்தான். சார்ஜ் ஏறும்போது கரி உப்பும், இறங்கும்போது சுருங்கும்; ஏடு வெடித்து மறுபடி படியும். ஒரு கட்டத்தில் சட்டென்று சரியும், மேட்டில் மெல்லப் போன வண்டி பள்ளத்தில் இறங்கின மாதிரி. அந்தப் பள்ளத்தை முன்கூட்டிச் சொல்வதுதான் கஷ்டம்.

2019-இல் அமெரிக்க விஞ்ஞானிகள் 124 செல்களைச் சோதித்தார்கள். சில 150 தடவை சார்ஜிலேயே ஓய்ந்தன, சில 2,300 தடவை தாங்கின. முதல் 100 தடவையின் விவரத்தை மட்டும் வைத்து, நூற்றுக்கு 9 பிழையில் ஆயுளைச் சொல்லிவிட்டார்கள்! அதற்குள் பெரும்பாலான செல்களில் சக்தி குறையக்கூட ஆரம்பிக்கவில்லை. மின்னழுத்தம் இறங்குகிற விதத்தில் பத்தாவது தடவைக்கும் நூறாவது தடவைக்கும் இருந்த சின்ன வித்தியாசமே காட்டிக்கொடுத்தது. நாற்றங்காலைப் பார்த்தே விளைச்சல் சொல்கிற பெரியவர்கள் நம்ம ஊரிலும் உண்டே.

உங்களுக்கு ஒரு காலண்டர் போதும். மாதம் ஒருமுறை, முழு சார்ஜுக்கு எத்தனை டேங்க் வந்தது என்று குறித்து வையுங்கள். நாசிலும் வேகமும் மாறக் கூடாது. இருபது பதினாறானால் நூற்றுக்கு எண்பது. வண்டிக் கம்பெனிகள் பொதுவாக இதையே ஆயுளின் எல்லையாக வைக்கின்றன. தெளிப்பான் அதற்கப்புறமும் ஓடும். ஆனால் வருஷத்துக்கு ஒரு டேங்க் குறைந்தது மாதத்துக்கு ஒரு டேங்க் என்று ஆனால் பள்ளம் வந்துவிட்டது; அடுத்த பருவத்துக்கு முன்னாலேயே மாற்று பேட்டரி பாருங்கள்.

சூடு பத்து டிகிரி கூடினால் ஏடு படிவது ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் போடாதீர்கள். வேலையில்லாத மாதங்களில் பாதி சார்ஜில், நிழலான அறையில் வையுங்கள். ஒன்று கவனம்: பழைய ஈய பேட்டரிக்கு இது நேர்மாறு, அதை எப்போதும் முழு சார்ஜில்தான் வைக்க வேண்டும். உங்களுடையது எந்த வகை என்று மேலே ஒட்டியிருக்கிற சீட்டில் போட்டிருக்கும்.